சாப்பிட்டதும் நெஞ்சு படபடக்கிறதே!

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் இதய மருத்துவரும் இரைப்பை குடல் மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று மாதமாக, மதியச் சாப்பாடு முடிந்த அரைமணி நேரத்தில் நெஞ்சுக்குள் ‘திக்’கென்று ஏதோ குதிக்கிறது. சில நாள் ராத்திரி படுத்ததும் வருகிறது. ஈசிஜி மூன்று தடவை, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாகிவிட்டது, எல்லாமே நார்மல். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஏப்பம் விட்டால் கொஞ்சம் குறைகிறது. வயிற்றுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா? — வாசகி, கும்பகோணம்

உண்டு. ஆனால் வயிற்றுக்குப் போகும் முன், உங்கள் கையில் இருக்கும் ‘நார்மல்’ ரிப்போர்ட்டுகள் எதைப் பார்த்துவிட்டு நார்மல் என்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. சாதாரண ஈசிஜி பதிவது 10 விநாடி, அதாவது பத்துப் பன்னிரண்டு துடிப்பு. எக்கோ இதயத் தசையையும் வால்வுகளையும் பார்க்கிறது. டிரெட்மில், ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்று பார்க்கிறது. உங்கள் தொந்தரவோ சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. அந்த நிமிடத்தை இந்த மூன்றில் எதுவும் பார்க்கவில்லை. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதைவிட, ‘இதயத்தின் அமைப்பு நன்றாக இருக்கிறது, துடிப்பின் தாளத்தை இன்னும் பிடிக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். முதல் பாதி பெரிய நல்ல செய்திதான், அதில் சந்தேகமில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் ‘திக்’ பெரும்பாலும் முந்திரிக்கொட்டைத் துடிப்பு. வரவேண்டிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடும். இதயம் நிரம்புவதற்குள் அது வந்துவிடுவதால் சத்தில்லாமல் போகும், நமக்குத் தெரியாது. அடுத்து ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இதயத்தில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் சேர்ந்துவிடும். அதைத் தள்ளும் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கும். நெஞ்சில் குதிப்பதாக நீங்கள் உணர்வது இந்த ஓங்கிய, ஒழுங்கான துடிப்பைத்தான். இதயம் நின்று போய்த் திரும்பக் கிளம்பியதாகப் பலர் பயப்படுவது இதனால்தான்.

இது சாப்பிட்டதும் ஏன் வருகிறது? இரைப்பையின் மேல்பகுதி கவிழ்த்த கிண்ணம் போல இடது பக்க உதரவிதானத்துக்கு அடியில் இருக்கிறது. அந்த உதரவிதானத்தின் மேலேதான் இதயம் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாடும் காற்றும் சேர்ந்து இரைப்பை உப்பினால் உதரவிதானம் மேலே தள்ளப்படும். உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால், ஒட்டினாற்போல ஓடுகிறது. அவ்வளவு பக்கம் என்பதால்தான், இதயத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டே ஒரு வகை எக்கோ எடுக்கிறோம். அந்த இடத்தில் அமிலம் எதிர்த்து வந்து எரிச்சல் உண்டானால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? மூன்றாவது, வேகஸ் என்ற நரம்பு. இரைப்பைக்கும் இதயத்துக்கும் ஒரே நரம்பிலிருந்துதான் கிளைகள் போகின்றன. போதாக்குறைக்கு, சாப்பிட்டதும் செரிமானத்துக்காகக் குடலுக்குப் போகும் ரத்தம் கூடும்; அதை ஈடுகட்ட இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும்.

லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விவரித்து எழுதினார்; அவர் பெயரால் ‘ரோம்ஹெல்ட் சிண்ட்ரோம்’ என்றுதான் இன்றும் இது அழைக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பெயரைச் சீட்டில் எழுதுவதற்கு என்று தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் எழுத வேண்டும். முதல் நாளே ‘கேஸ்’ என்று முத்திரை குத்துவது, ‘டென்ஷன்’ என்று முத்திரை குத்துவதைவிட மேலானது ஒன்றுமில்லை.

இனி செய்ய வேண்டியது. அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது வார்த்தையில் சொல்வதோடு நிற்காமல், நெஞ்சில் எப்படி அடித்ததோ அப்படியே மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். ‘டப்… டப்… டப்டப்……… டப்’ என்று நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் மேலே சொன்ன முந்திய துடிப்பு. ‘டபடபடபடப’ என்று சீரான வேகம் என்றால் கதை வேறு. ஒன்றுக்கொன்று எந்த ஒழுங்கும் இல்லாமல் தட்டினால் அதைக் கட்டாயம் ஈசிஜியில் பிடித்தே ஆக வேண்டும். வீட்டில் படபடப்பு வரும்போது நாடியும் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, அதன் சொந்த நாடி குழப்பும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான துடிப்புக்குச் சரி. தாளம் தப்பினால் முழு 60 விநாடியும் எண்ணுங்கள்.

உங்களுக்குத் தேவையான டெஸ்ட் ஹோல்டர், அதாவது 24 மணி நேரமோ 48 மணி நேரமோ மாட்டிக்கொள்ளும் ஈசிஜி. இதில்தான் பெரும்பாலோர் காசைக் கரியாக்குகிறார்கள். மெஷின் மாட்டிய அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்தி, ஆபீசுக்கு லீவு போட்டுப் படுத்துவிடுவார்கள். படபடப்பும் வராது, ரிப்போர்ட்டும் நார்மலாகத்தான் வரும். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறதோ அதையே அன்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள். தினமும் செய்யும் வேலையைச் செய்யுங்கள். கூடவே ஒரு தாளில் ‘12.50 சாப்பாடு முடிந்தது, 1.25 இரண்டு குதி, 1.40 ஏப்பம், குறைந்தது’ என்று நிமிடக் கணக்கில் குறியுங்கள். மெஷினில் ஓடும் நேரத்தோடு உங்கள் கடிகாரம் ஒத்துப்போகிறதா என்று மாட்டும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தப்பினாலும் குறிப்பு வீண். குதிப்பு வந்த அதே நிமிடத்தில் ஈசிஜி ஒழுங்காக இருந்தது என்றால் அதுவும் ஒரு விடைதான். இதயத்தை விட்டுவிட்டு நிம்மதியாக வயிற்றைக் கவனிக்கலாம். மாதத்தில் இரண்டு தடவைதான் வருகிறது என்பவர்களுக்கு 24 மணி நேர ஹோல்டர் பிரயோசனப்படாது. நெஞ்சில் ஒட்டும் 7 அல்லது 14 நாள் பட்டை கிடைக்குமா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் முந்திய துடிப்பு ‘214’ என்று இருந்தால் மலைக்க வேண்டாம், அது ஒரு லட்சத்தில் 214. மொத்தத் துடிப்பில் நூற்றுக்குப் பத்து என்ற அளவைத் தாண்டினால் மட்டும், இன்று எக்கோ நன்றாக இருந்தாலும் இதய மருத்துவரின் பார்வையில் தொடர்ந்து இருக்க வேண்டும். நாள்பட்டால் அது தசையைத் தளர்த்தக்கூடும்.

ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கையும் பார்த்தார்களா? மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களிடம் ரத்தசோகையைத் தேடாமல் ‘டென்ஷன்’ என்பது சோம்பேறித்தனம். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்பு மருந்து இருக்கிறதா, ஆஸ்துமா இன்ஹேலர் எடுக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். இரண்டுமே படபடப்பைக் கிளப்பும்.

வயிற்றுப் பக்கம், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது உதவியது என்றே தெரியாமல் வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டிவரும். முதல் வாரம் அளவை மட்டும் மாற்றுங்கள். மதியம் போடும் சோற்றில் பாதி, மீதிப் பாதியை நாலு மணிக்கு. இருபது நிமிடம் மென்று சாப்பிடுங்கள். அவசரமாக விழுங்கும்போது ஒவ்வொரு கவளத்தோடும் காற்றும் உள்ளே போகிறது. சாப்பாட்டுக்கு நடுவே சொம்புத் தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டதும் சோடா அறவே வேண்டாம். சோடா குடித்ததும் வரும் ஏப்பம் அந்தச் சோடாவின் வாயுதான், உங்கள் வயிற்றில் முன்பே இருந்ததல்ல. இரண்டாம் வாரம் உணவு வகைகளைப் பாருங்கள். மொச்சை, கொண்டைக்கடலை, பட்டாணியை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் வாயு குறையும். பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்புகிறதா? அப்படியானால் ஒரு வாரம் பாலை நிறுத்தி மோருக்கு மாறிப் பாருங்கள். பால் சர்க்கரை செரிக்காதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி தப்பிப்போவது: உள்பாவாடை நாடா. இடுப்பில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கிக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டால் இரைப்பைக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஆண்களுக்கு பெல்ட். சாப்பிடும் முன் ஒரு விரற்கடை தளர்த்திவிடுங்கள்.

ராத்திரி வருவதற்கு: சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 முதல் 8 அங்குலம் உயரத்துக்குக் கட்டையோ செங்கல்லோ வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி வயிறு அமுங்கும், அது எதிர்வேலை. படுக்கும் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடது பக்கம் படுத்தால் அமிலம் எதிர்ப்பது குறையும். ஆனால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதால் துடிப்பு காதில் விழுவது போலத் தெரியும். எரிச்சல் பெரிதா, துடிப்பு பெரிதா என்று பார்த்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். துடிப்பு தெரிவதால் இதயத்துக்குக் கேடு ஒன்றும் இல்லை.

கேள்வி: என் வயது 55. கேஸ் தொந்தரவுக்காக காலையில் ஒரு கேப்ஸ்யூல், பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது, இரண்டு வருடமாகப் போடுகிறேன். மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது படபடப்பு வருகிறது. கேஸ் அதிகமாகிவிட்டதா? மாத்திரையை இரண்டு வேளையாக்கலாமா? — வாசகர், விருதுநகர்

ஆக்க வேண்டாம். மாத்திரையே காரணமாக இருக்கலாம்.

அதில் இருப்பது இரண்டு மருந்து. டோம்பெரிடோன் இரைப்பையை வேகமாகக் காலியாக்கும். அதே மருந்து இதயத்தின் மின்னோட்டம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை நீட்டவும் செய்யும். ஈசிஜியில் இதை க்யூடி இடைவெளி என்போம். அது ரொம்ப நீண்டால் ஆபத்தான தாளக்கோளாறு வரலாம். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-லேயே, டோம்பெரிடோனை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், ஒரு வேளைக்கு 10 மி.கி., நாளைக்கு அதிகபட்சம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கும்படி சொல்லிவிட்டது. நம் கடைகளில் கிடைக்கும் பல கேப்ஸ்யூல்களில் ஒன்றிலேயே 30 மி.கி. இருக்கிறது. நீங்கள் அதை இரண்டு வருடமாகப் போடுகிறீர்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோ, தேமல் படைக்கு விழுங்கும் ஃப்ளூகோனசோலோ சேர்ந்தால் நிலைமை மோசமாகும்.

பான்டோபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரைகளை நீண்ட காலம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், எடுத்தவர்களில் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் இறங்குவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-ல் எச்சரித்தது. மெக்னீசியம் குறைந்தால் கால் தசை பிடிக்கும், விரல் நடுங்கும், இதயத் தாளம் தப்பும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் போடுகிறவர் என்றால் இரண்டு பக்கமும் இழப்பு. மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் கொடுத்தாலும் உடம்பில் நிற்காது. சிலருக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் ஏறாமல், அமிலத் தடுப்பை நிறுத்திய பிறகே சரியாகியிருக்கிறது.

ஆகவே இந்த வாரமே ஓர் ஈசிஜி எடுத்து, ‘க்யூடி பாருங்கள், டோம்பெரிடோன் போடுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கேட்க மறந்துவிடுவார்கள். ரத்தத்தில் மெக்னீசியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பாருங்கள். டோம்பெரிடோனை மருத்துவரிடம் சொல்லிவிட்டு உடனே விடலாம். பான்டோபிரசோலை மட்டும் ஒரேயடியாக நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் சில வாரம் பொங்கிவரும். அதைப் பார்த்து ‘மாத்திரை இல்லாமல் முடியாது போல’ என்று திரும்பப் போய்விடுவார்கள். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒன்று விட்டு ஒரு நாள் என்று சில வாரங்களில் இறக்குவதே வழி. இன்னொன்று, இந்த மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும், வாயுவைக் குறைக்காது. உங்களுக்கு நெஞ்செரிச்சல் இல்லாமல் உப்புசம் மட்டும்தான் என்றால் இதை எதற்குத் தொடங்கினார்கள் என்பதே கேள்வி.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, 15 வருடமாகச் சுகர். சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெரு வரை நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, படபடக்கிறது என்று நிற்கிறார். ஏப்பம் விட்டு, செரிமானத்துக்கென்று விற்கும் உப்புத்தூள் கலந்த தண்ணீர் குடித்தால் பத்து நிமிடத்தில் சரியாகிறது. ஈசிஜி நார்மல். ‘வாயுப்பிடிப்புதான்’ என்கிறார். — வாசகர், சேலம்

உங்கள் அப்பாவை இன்றே இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது நடந்தால் வரும், நின்றால் பத்து நிமிடத்தில் போகும் அடைப்பு, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் அடையாளம். செரிமானத்துக்கும் ரத்தம் வேண்டும், நடக்கும் காலுக்கும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இதயம் உழைக்கிறது, அதன் சொந்தக் குழாயில் வழியில்லை. அவருக்குக் குணம் தந்தது நின்ற நிற்புதான். பேர் மட்டும் உப்புத்தூளுக்குப் போய்விட்டது. அந்தத் தூளில் சோடியம் அதிகம் என்பதால் பிரஷர், இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு ஆகாது. நெஞ்சு அடைக்காத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாக வருவது சகஜம். சுகர் உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாமல், மூச்சுத்திணறல், படபடப்பு, வேர்வை, ஏப்பம் என்றே மாரடைப்பு வரலாம்.

ஓய்விலும் குறையாத அடைப்பு, சில்லென்ற வேர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ‘இன்னொரு ஏப்பம் வந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் அரைமணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அவர் நாடியையும் பாருங்கள். துளியும் ஒழுங்கில்லாமல் ஓடினால் இதயத்தின் மேலறை நடுங்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரலாம்.

கேள்வி: 24 வயது. குனிந்து நிமிரும்போதோ, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகோ திடீரென இதயம் ஓட ஆரம்பிக்கிறது. கை வாட்ச்சில் 180 காட்டுகிறது. 20 நிமிடத்தில் ஸ்விட்ச் அணைத்தது போல நின்றுவிடுகிறது. பிறகு சிறுநீர் நிறையப் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சரியாகிவிடுவதால் எல்லாம் நார்மல். கேஸ் என்கிறார்கள். — வாசகி, நாகர்கோவில்

ஸ்விட்ச் போட்டாற்போல வந்து, அணைத்தாற்போல நிற்பது பெரும்பாலும் வயிற்று வேலையும் அல்ல, மனப்பதற்றமும் அல்ல. பதற்றத்தில் வரும் படபடப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாகத்தான் இறங்கும். உங்களுடையது எஸ்விடி என்ற வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதயத்தின் மேல்பகுதியில் மின்னோட்டம் ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. முடிந்ததும் சிறுநீர் பெருகுவதும் இதன் அடையாளங்களில் ஒன்று. குனிவதும் வயிறு நிறைவதும் தூண்டிவிடும், அவ்வளவுதான்.

உங்கள் வாட்ச்சில் ஈசிஜி வசதி இருந்தால் ஓடும்போதே 30 விநாடி பதிந்து அந்தப் படத்தைக் காட்டுங்கள். வெறும் ‘180’ என்ற எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது. வசதி இல்லாவிட்டால், அடுத்த தடவை பக்கத்தில் இருக்கும் சிறிய கிளினிக்காக இருந்தாலும் போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஈசிஜி தாள் வாங்கிவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நின்ற பிறகு எடுக்கும் பத்து டெஸ்டுக்கு அந்த ஒரு தாள் சமம்.

நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்தபடி 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளிருக்கும் தண்டு அசையும் அளவுக்கு 15 விநாடி ஊதவேண்டும். உடனே மட்டமாகப் படுக்க வைத்து ஒருவர் இரண்டு காலையும் 45 பாகைக்குத் தூக்கி 15 விநாடி பிடிக்கவேண்டும். இங்கிலாந்தில் செய்து 2015-ல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் தாளம் திரும்பியது. காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதம்தான். நோய் இன்னதென்று உறுதியான பிறகு, முதல் தடவை மருத்துவர் முன்னால் செய்து பழகுங்கள். அடிக்கடி வந்தால் அப்லேஷன், அதாவது ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இதயத்துக்குள் விட்டுச் செய்யும் சிகிச்சை, செய்து அந்த மின்வட்டத்தையே அறுத்துவிடலாம். பெரும்பாலோருக்கு அதோடு முடிந்துவிடும். நடுவில் மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் சிறு வயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தாலோ நாள் தள்ளாதீர்கள்.

கேள்வி: படபடப்புக்காக எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா? — வாசகர், திண்டுக்கல்

படபடப்புக்கு மட்டும் என்றால் அவசியமில்லை. விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தார் போன்ற கருத்த மலம், விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது வயது அறுபதை நெருங்கிப் புதிதாக அஜீரணம் தொடங்கியிருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். இரைப்பையின் பெரும்பகுதி மார்புக்குள் ஏறி இதயத்தை அழுத்துகிறதா என்பதும் அதில் தெரியும். அபூர்வம்தான், ஆனால் உண்டு.

இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்தால், அதற்கு இரண்டு வாரம் முன்பே அமிலத் தடுப்பு மாத்திரையையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரும். இருக்கிறது என்று வந்து, அதற்கான மாத்திரைகளைச் சேர்த்து வைத்த பெட்டியை (கிட்) எழுதிக் கொடுத்தால், பெட்டியின் பின்பக்கம் கிளாரித்ரோமைசின் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படபடப்பு உள்ளதைச் சொல்லி, ஓர் ஈசிஜி பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்த நாட்களில் டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூல் வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள்.